கன்னி மூலையில் ஸ்டார்ட் பட்டன்

எல்லாம் புதிதாக வேண்டும், ஆனால் எதுவும் மாறக்கூடாது என்று கேட்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எங்கே போவீர்கள், தெருவுக்கு ஒருவர் இருக்கிறாரே! புது வீடு கட்டுவார், ஆனால் இருட்டில் கையை நீட்டினால் சுவிட்ச் பழைய வீட்டில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். புது மருமகள் வரலாம், ரசம் மட்டும் அம்மா வைத்த ரசமாக இருக்க வேண்டும். நீங்கள் இவரைத் தெருவில் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தப்பித்துப் போகிறீர்கள். நான் திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். இவருடைய மேசைக்கு அடியில் மண்டியிட்டு ஒயர் மாட்டுகிற பிழைப்பு எனக்கு.

விண்டோஸ் மாற்றக் கூப்பிடும்போதே இந்த இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். இவர், "மாத்துனதே தெரியக்கூடாதுங்க" என்பார். அப்புறம் எதற்கய்யா மாற்றுவது? கேட்டுவிடாதீர்கள். கேட்டால் டீ வராது.

இந்த இனத்துக்கே தலைமகன் ரிக் முதலாளி வெள்ளியங்கிரி. போர்வெல் போடுகிற அவருடைய வண்டிகள் எல்லாம் வேலையில்லாமல் ஷெட்டில் நின்றன. வண்டி ஆட்கள் ஊருக்கும் போக முடியாமல், வேலையும் இல்லாமல், சீட்டாடிச் சலித்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ராஜஸ்தானில் ஒரு கம்பெனி வருடம் முழுவதும் போர் போடுகிற வேலை தருகிறேன் என்றது. அன்று மாலைக்குள் அவர்கள் இணையதளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தளமோ பழைய விண்டோஸ் என்றால் உள்ளேயே விடாது. கையெழுத்து விழாவிட்டால் வேலை அடுத்து நிற்கும் ஆளுக்கு. அடுத்து நிற்பவர் யார் தெரியுமா? வெள்ளியங்கிரியின் சொந்த மச்சினன், சங்ககிரி குணசீலன். மனுசன் நிம்மதியாக இருப்பாரா?

காலையிலேயே போய் வேலையை ஆரம்பித்துவிட்டேன். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, "புதுசு எப்படியிருக்குமுங்க, காட்டுங்க பாப்போம்" என்றார். போனில் ஒரு படத்தைக் காட்டினேன். அங்கே பிடித்தது சனி.

"இதென்னுங்க, ஸ்டார்ட் பட்டன் நடுவுல கெடக்குது?"

"புதுசுல அப்படித்தானுங்க."

"இத்தன வருசமா கீழ எடது மூலைலல்லங்க இருந்துச்சு? அது என்ன மூலை?"

அவரே சொன்னார்.

"மேப்புல மேல வடக்கு. அப்ப கீழ எடது தென்மேற்கு. கன்னி மூலைங்க சாமி! பணப்பொட்டி வெக்கற எடம். எம்பட தொழிலே அங்கிருந்துதான் ஓடுது. அதத் தூக்கி நடுவுல போட்டா? நடு பிரம்மஸ்தானம்ங்க. அங்க ஒரு தூணு கூட நிக்கக்கூடாது!"

ஈசானிய மூலை, ஈசானிய மூலை என்று ஊரெல்லாம் வீட்டின் வடகிழக்கிலேயே துளை போட்டுச் சம்பாதித்தவர். விடுவாரா? திரை முழுவதையும் மனையடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். குப்பைத் தொட்டி மேலே இடது பக்கம், வாயு மூலை. செப்டிக் டேங்க் இருக்க வேண்டிய இடம்தான், பரவாயில்லை. கடிகாரம் கீழே வலது பக்கம், அக்கினி மூலை. சமையல் நேரத்துக்கு நடக்கும், அதுவும் சரி. மேலே வலது பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார். ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறி!

"அடப் பாவமே! தண்ணி வர்ற ஈசானியத்துல மூடற பட்டனா? போன வருசம் போட்ட போரெல்லாம் சொட்டுத் தண்ணியில்லாமப் புகையாப் போனது இதனாலதானா?"

நான் சிரிக்கவில்லை. வயிற்றுப்பிழைப்பு. ஸ்டார்ட் பட்டனை இடது மூலைக்கே தள்ளிவிடலாம், ஒரு நொடி வேலை என்று சத்தியம் செய்தேன். மனுசன் குளிர்ந்து, எனக்கு டீ கூடச் சொல்லிவிட்டார். அப்போதுதான் அங்கே கணக்கு எழுதும் பிரவீனா வாயைத் திறந்தாள்.

"மேப்புல செரிங்கய்யா. ஆனா நம்ம மானிட்டரு கெழக்கப் பாத்தல்லங்க நிக்குது. அப்ப இதுல எதுங்க தெக்கு?"

ஏன் தாயே? உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

வந்த டீ ஆறுவதற்குள் தனபால் வரவழைக்கப்பட்டார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி, தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் என்று சொல்கிறவர். அதே தேங்காயோடு கம்ப்யூட்டரைச் சுற்றினார். கண்ணை மூடினார். தேங்காய் நின்றேவிட்டது!

"ஊத்து இருக்குதுங்க" என்றார்.

"எங்கீங்க?"

"பொட்டிக்குள்ளாறதானுங்க. ஆனா தெச மாறி நிக்குது. மேசைய வடக்க பாத்துத் திருப்புங்க."

திரையில் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று அதுவே கெஞ்சிக்கொண்டிருந்தது.

"மேசையத் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"யாருங்க தொட்டா? திருப்பத்தான் போறோம்" என்றார் வெள்ளியங்கிரி.

திருப்பினார்கள். ஒயர் பிடுங்கிக்கொண்டது. திரை இருண்டது. யுபிஎஸ் இல்லையா என்கிறீர்களா? இருந்தது. பேட்டரி செத்து வெகு காலமாகி, முருகன் படத்துக்குப் பீடமாக இருந்தது.

ஒயரை மாட்டிவிட்டுக் காத்திருந்தோம். வட்டம் சுற்றியது, சுற்றியது, மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிச் சுற்றியது. கடைசியில், பாதியில் நின்ற வேலையைக் கைவிட்டுப் பழைய விண்டோஸுக்கே திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியேவிட்டது. திரையில் பழையபடி, பூமாலை போட்ட ரிக் வண்டிப் படம். அதே இடது மூலையில் அதே பட்டன்.

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா சாமி! மேசையத் திருப்புனதும் எல்லாம் எடத்துக்கு வந்துருச்சு!"

"வந்தது பழசுங்க. கையெழுத்து எப்படிங்க போடுவீங்க? மறுபடியும் மாத்த நேரமில்லீங்களே!"

அவர் முகம் வெளுத்தது. எனக்கே பாவமாக இருந்தது. "என் கடைல புதுசு இருக்குதுங்க. டிஜிட்டல் கையெழுத்து இருக்கற பென்டிரைவ எடுத்துட்டு வண்டில ஏறுங்க, முடிச்சுட்டு வந்தர்லாம்" என்றேன். மனுசன் பாய்ந்து எழுந்தார். பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டார். செருப்பை மாட்டினார். ஒரு கால் வாசலுக்கு வெளியே. அப்படியே திரும்பினார்.

"உங்க கடை எந்தப் பக்கம் பாத்துங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்தப் பாழாய்ப் போன வாய் கேட்டதா? "தெக்கீங்க" என்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அய்யா, வண்டியெல்லாம் சும்மா நிக்குதுங்க. ஆளுக காத்திருக்கறாங்க" என்றாள் பிரவீனா.

"நிக்கட்டும் புள்ள. தெக்கு வாசல்ல கையெழுத்துப் போட்டா ஓடற வண்டியும் நின்னுபோகும்."

கடைக்குத் திரும்பினேன். என் தெற்கு வாசலில், வெயிலில் முகம் பளபளக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் பென்டிரைவ். சங்ககிரி குணசீலன்.

"கம்பெனில தயாரா இருக்கச் சொன்னாங்க. உங்ககிட்டப் புது விண்டோஸ் இருக்குதாமுங்களே?"

இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? கெடு தாண்டி வேலை அவர் பக்கம் வந்ததும், ராகு காலத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வெள்ளியங்கிரியின் ஆட்களில் பாதிப் பேர் குணசீலன் வண்டியேறி ராஜஸ்தான் போய்விட்டார்கள். வெள்ளியங்கிரி திருந்தினாரா? போன் செய்தார். "மேசை செரியாயிருச்சுங்க. இப்ப ஷெட்டுதான் கோளாறு. வண்டியெல்லாம் மேக்க பாத்து நிக்குது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போனும் புதுசாக மாறவா என்று தினமும் கேட்கிறதே, தினமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறீர்களே, அது ஏன்? இன்றைக்கு அஷ்டமியா? அதை விடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் திரையில் குப்பைத் தொட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு முறை மனசுக்குள் பார்த்துக்கொண்டீர்களா, இல்லையா? பார்த்திருந்தால் பரவாயில்லை, மேசையை மட்டும் திருப்பாதீர்கள். உங்களுக்கும் ஒரு மச்சினன் இருப்பார். அவர் என் கடைக்கு வழி விசாரித்துக்கொண்டிருப்பார்.