கட்டம் கட்டமாக

"மறுபடியும் கட்டமா?"

கம்ப்யூட்டர் அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள். அச்சகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். திரை முழுக்க ஆங்கிலச் சொற்கள். பக்கத்தில், உச்சரிப்பைக் காட்டும் ஒலிக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாகக் காலிக் கட்டங்கள்.

போன மாதம் ஓர் உச்சரிப்பு அகராதி இப்படியே அச்சாகி, மொத்தமும் எடைக்குப் போனது. "இன்னொரு தடவை கட்டம் வந்துது, நீ வீட்டுலயே இருந்துக்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அனுப்பிய இந்தப் பக்கங்களோ நாலு மணிக்கு அச்சேற வேண்டும்.

கம்ப்யூட்டர் படித்த கொழுந்தனுக்கு போன் போட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் வெறும் நம்பர்தான் அண்ணி. அந்த நம்பருக்கு உங்ககிட்ட எழுத்துரு இல்லைன்னா கட்டம் காட்டும். ஒண்ணு அனுப்புறேன், ஏத்துங்க."

ஏற்றினாள். கட்டம் அசையவில்லை.

"அப்போ எந்த நம்பருக்கு எந்த எழுத்துங்கிற குறியீட்டு முறைய மாத்தித் திறங்க."

திறந்தாள். கட்டங்கள் கல்லாட்டம் நிற்க, ஒழுங்காக இருந்த சொற்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன.

"தம்பி, இருந்ததும் போச்சுப்பா."

"அண்ணி, எனக்கு மீட்டிங்." போனை வைத்துவிட்டான்.

வந்த மின்னஞ்சலிலிருந்து பழையபடி இறக்கி, அச்செடுத்து, நல்ல அகராதி ஒன்றைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்புப் பேனாவால் குறியை எழுதினாள். குறிகளில் தலைகீழ் 'e' மட்டும் கையால் எழுதினால் நத்தை மாதிரி வந்தது. சாதா 'e' நூறு அச்சடித்து, கத்தரித்து, தலைகீழாக ஒட்டுவதற்குப் பசை தடவி வைத்தாள்.

பிழை திருத்துகிறவர் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டார். அத்தனையும் பறந்தன.

"என் மீசையில என்னம்மா இது?" என்றபடி முதலாளி வந்தார்.

"ஒலிக்குறிங்க ஐயா. கொஞ்சம் அசையாம இருங்க, எடுத்துக்குறேன்."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வேலை முடிந்தது. முதலாளி பக்கம் பக்கமாகப் பார்த்தார். "ஒரு கட்டம்கூட காலி இல்லையே. பரவால்ல, தேறிட்ட."

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

வாசலில் கல்லூரி வண்டியோட்டி ஒரு தாளை நீட்டினார். "முதல் பக்கத்த பேராசிரியர் ஐயா அனுப்ப மறந்துட்டாராம்மா, இதையும் சேத்துடுங்க. 'ஆண்டுத் தேர்வு. காலிக் கட்டங்களில் சரியான ஒலிக்குறிகளை எழுதுக. மதிப்பெண் நூறு.'"