ஆட்டுக்குப் போக வேண்டிய அனுதாபம்

பிள்ளைகளுக்கு மனசைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் தங்கள் மனசைக் கவனிப்பதில்லை. (மற்றவர்களைப் பற்றித் தெரியாது. நான் கவனித்ததில்லை.)

இரண்டு வருடம் முன்பு பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். எல்லா வேலையையும் இயந்திரம் செய்யப்போகிற காலத்தில், தன் உணர்வைத் தானே அறியும் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உருகிப்போய் வந்து 'மனசு நோட்டு' தொடங்கினேன். பிள்ளைகள் மனசில் பட்டதை எழுதுவார்கள். நான் சிவப்பு மையில் பதில் எழுதுவேன்.

மொத்தம் இருபத்தெட்டு மனசு. மூன்றாம் வாரமே கை கடுத்தது. பக்கங்களைப் படமெடுத்து செல்போனில் இருந்த ஏஐயிடம் கொடுத்தேன். அது என்னைவிட உருக்கமாக எழுதியது. சாயங்காலம் பனச்சமூட்டுக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் நோட்டுகளை மடியில் அடுக்கி, போனில் வந்த பதில்களை வரிசையாகப் பார்த்து எழுதினேன். ஒரு வளைவில் இரண்டு நோட்டு இடம் மாறியது எனக்குத் தெரியாது.

மறுநாள் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போன ஜெபினா, அம்மாவோடு திரும்பி வந்தாள். அம்மாவின் கால்களில் இரண்டு விதச் செருப்பு.

"டீச்சரே, இவளுக்க அப்பாவுக்கு என்ன பற்றிச்சு? என்ன ஆச்சு? ஒங்கக்கிட்ட ஆரு சொன்னா?"

அப்பா அடுத்த வாரம் மஸ்கட்டிலிருந்து வருகிறார் என்று ஜெபினா எழுதியிருந்தாள். அதன் கீழே என் கையெழுத்து: 'அவருடைய மறைவு பேரிழப்பு. உன் நினைவில் என்றும் வாழ்வார்.'

அது அஜினுக்கு எழுதியது. 'எங்க மணி செத்துப்போச்சு' என்று எழுதிய அவன், மணி ஒரு கிடா என்பதை எழுதவில்லை. (ஏஐ யாரோ மாமா என்று நினைத்திருக்கிறது. நான் எதையுமே நினைக்கவில்லை.)

இது ஆட்டுக்கு எழுதியது என்று சொன்னேன். துக்கத்தை மறைக்க டீச்சர் உளறுகிறாள் என்றே அந்த அம்மா நம்பினார். அங்கிருந்தே மஸ்கட்டுக்குக் கூப்பிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் நான்கு எண்ணி மூச்சு விடப் பயிற்சியில் கற்றிருந்தேன். நாற்பது வரை எண்ணினேன். மூச்சை விட மறந்துவிட்டேன்.

இருபது நிமிடம் கழித்து ஜெபினாவின் அப்பாவே கூப்பிட்டார். போனை சார்ஜில் போட்டுவிட்டு குளிக்கப் போனாராம். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே அவரைத் திட்டினார்.

அப்போது அஜின் எழுந்தான். அவன் நோட்டில் 'வாழ்த்துகள்! இந்த மகிழ்ச்சியைக் கொண்டாடு' என்று இருந்தது.

"டீச்சர், எங்க மணி செத்ததுல ஒங்களுக்கு சந்தோசமா?"

பொய் வரவில்லை. நான் படிக்கவே இல்லை, போன்தான் எழுதியது என்றேன். இனி நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள் என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். பிறகு மணியைப் பற்றி அவனிடம் கேட்டேன். வெகுநேரம் சொன்னான். வகுப்பே அழுதது, நானும்தான்.

இப்போதும் மாலையில் ஏழெட்டு நோட்டுக்கு மேல் என்னால் முடிவதில்லை. முடிந்ததைப் படித்து எழுதுகிறேன். ஜெபினாவின் அப்பா லீவில் வரும்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, எல்லார் முன்னாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்:

"டீச்சரே, நான் உயிரோட உண்டு, கேட்டியளா."