குண்டு என்று நான் சொன்ன காலை

மூச்சு வாங்கும்போது மனிதன் பேசக் கூடாது. பேசினால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடியில் நானே சாட்சி.

யுத்த காலம் அது. கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். நாசரேத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என்னை வந்து பார்த்தவர், "பையன் வாரதுக்கு முந்தி தொந்தி வந்துருது. ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். (இதை ஒரு சொல் குறையாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.)

தொந்தி கரைய எது நல்லது? கம்பவுண்டர், "ஓடு" என்றார். பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்த சிநேகிதன் சவேரி, "ஓடுனா செருப்புதாம்லே தேயும். குண்டு தூக்கு" என்றான். துறைமுகத்துப் பக்கம் அவன் கிட்டங்கியில் இரண்டு இரும்புக் குண்டுகள் கிடந்தன. நான் பேராசைக்காரன். விடியலில் அங்கே போய்க் குண்டு தூக்குவது, பிறகு கடற்கரை ரோட்டில் வீடு வரை ஓடுவது என்று முடிவு செய்தேன்.

நாலாம் நாள், ஓடி வருகிறேன். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒருவர், "அண்ணாச்சி, ஏன் இப்பிடி ஓடுதிய?" என்று கேட்டார்.

'குண்டு தூக்கிட்டு வாரேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "குண்டு..." வரைக்கும் வந்தது. மீதிக்கு மூச்சில்லை. துறைமுகத்தை நோக்கிக் கையைக் காட்டினேன்.

"ஏலே, குண்டு போடுதாம்லே! ஓடுங்க!"

கூடைகள் உருண்டன. சீலா மீன்கள் ரோட்டில் கிடந்தன. அவர்களை நிறுத்தலாமென்று பின்னாலேயே ஓடினேன். நான் வருவதைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ரயிலை விட்டிறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரும் ஒற்றைச் செருப்போடு கூட்டத்தில் ஓடி, கடைசியில் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே போனேன். நாசரேத் வாத்தியார்! ஒரு மாசம் ஆகுமுன்னே, சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்.

"தம்பி, குண்டு எங்கன விழுந்துச்சு?"

"விழல ஐயா. நான் தூக்குத குண்டு" என்று ஒருவழியாக விளக்கினேன்.

அவர் என் வயிற்றை வெகுநேரம் பார்த்தார். அடுத்த ரயிலில் ஊர் திரும்பினார். சம்பந்தம் போயிற்று என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். (அந்த இரண்டு நாளில்தான் கொஞ்சம் இளைத்தேன்.)

மூன்றாம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது: நடந்ததைச் சொன்னதிலிருந்து பெண் சிரிப்பை நிறுத்தவில்லை, இந்த மாப்பிள்ளையே போதும் என்கிறாள்.

இன்றைக்கும் நான் காலையில் உலாவக் கிளம்பினால், அவள் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் சத்தமாகச் சொல்வாள்:

"ஏளா, அவுக சும்மாதான் நடக்காவ. யாரும் ஓடாண்டாம்!"