ஒரே போட்டோவில் சூழொலி

எங்கள் இசைப்பள்ளிக்குச் "சூழொலித் தயாரிப்பு வகுப்பறை" ஒன்றை அமைத்துத் தர மேலிடம் மனமுவந்து முடிவெடுத்தது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. நாங்கள் கேட்டது கூரை ஓட்டையை அடைத்துத் தரச் சொல்லி. எங்களுடையது தகரக் கூரை. கோடி அறையில் ஒழுகும். வருஷாவருஷம் மனு போடுவோம். ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துக்கொள்ளும்படி வருஷாவருஷம் பதில் வரும். வாளியை நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலம் அப்படி. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் சூழொலிப் பைத்தியம். சத்தம் முன்னாலிருந்து மட்டும் வந்தால் கௌரவக் குறைச்சல். நாலா பக்கமிருந்தும் வரவேண்டும், தலைக்கு மேலேயிருந்தும் வரவேண்டும். எங்கள் தெரு முடிவெட்டும் கடைக்காரர்கூட நாற்காலிக்கு அடியில் ஸ்பீக்கரைக் கட்டி, "சூழொலியில் சவரம்" என்று போர்டு மாட்டிவிட்டார். கத்தி தொண்டைக்கு வரும் நேரத்தில் பின்னாலிருந்து கடலலை சீறும். நான் தாடி வளர்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

எங்கள் மேலதிகாரியின் மருமகப்பிள்ளையும் வீட்டில் ஒன்றை மாட்டியிருந்தாராம். மாமனார் போய் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் யானை பிளிறியிருக்கிறது. மனுஷர் துள்ளி எழுந்து, மூச்சு வாங்கி, கலைக்கல்வியின் எதிர்காலம் இதுதான் என்று கண்டுகொண்டார். மறுநாளே எங்களுக்கு உத்தரவு வந்துவிட்டது.

பாடம் நடத்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். ஒலிப்பதிவு டீச்சர். வேலை தற்காலிகம்தான். மேலதிகாரி நேரில் வந்து பார்த்து, "வகுப்பறை செயல்பாட்டில் உள்ளது" என்று எழுதினால் டீச்சரும் நிலைப்பாள், வகுப்பும் நிலைக்கும். எழுதாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். வேறு பாடங்களை விட்டுவிட்டு இதில் வந்து சேர்ந்த பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெண் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பக்கத்து அறை, வயலின் வாத்தியார். எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர்.

வகுப்புக்கு ஒதுக்கியது அந்த ஒழுகும் கோடி அறையைத்தான். ஸ்பீக்கர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. டீச்சர் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எது எங்கே என்று குறித்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து உள்ளே வந்தார். ஸ்டோர் பொறுப்பாளருக்கு அதுதான் பெயர். அவர் வருமுன்னே அவர் இடுப்புச் சாவிகள் வந்துவிடும்.

"என்னம்மா, சாமானை மூலைக்கு ஒண்ணா இறைச்சு வெக்கிறீங்க?"

"நாலு சுவத்துலயும் மாட்டணும் சார். சிலது கூரையில."

"அதெப்படி? எல்லாம் ஒரே போட்டோவுல தெரியணும். சாமான், பக்கத்துல முதல்வர், ஒரே போட்டோ. அதான் விதி."

"பின்சுவத்துல இருக்கறது போட்டோவுல எப்படி சார் தெரியும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்? போட்டோவுல தெரியாத சாமான் இல்லாத சாமான்."

"அப்ப ரெண்டு போட்டோ எடுத்துக்கலாமே?"

சாவிக்கொத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டு போட்டோன்னா ரெண்டு ரூம்னு ஆயிடும்மா. உங்களுக்கு அனுமதி ஒரு ரூமுக்குத்தான். இன்னொரு ரூம் எங்கேன்னு கேட்டா நான் யார் தலையில கட்டறது?"

"சரி சார், கூரையிலயாவது..."

"கூரை நம்மளுது இல்ல. சுவர் வரைக்கும்தான் கல்வி. அதுக்கு மேல கட்டடப் பிரிவு."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது. யோசிக்காமல் பார்த்தால் இன்னும் நியாயமாக இருந்தது.

ஆக, அத்தனை ஸ்பீக்கரும் முன்சுவரிலேயே வரிசையாக ஏறின. முன்சுவர் என்றால் என் சுவர். முதல்வர் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க டீச்சர் கை நீட்டியபோது சாவிக்கொத்து பதறிவிட்டார். "பிரிச்சா பழசாயிடும்மா! அப்புறம் மேலதிகாரிக்கு எதைப் புதுசுன்னு காட்டறது?"

டீச்சர் முதல்வரிடம் ஓடினாள். முதல்வர் ஒரு காலத்தில் நன்றாகப் பாடியவர். இப்போது கையெழுத்து மட்டும் போடுகிறார். அதிலும் சுருதி சேர்வதில்லை.

"சார், எல்லாச் சத்தமும் முன்னாலருந்தே வருது. இதை எப்படி சார் சூழொலின்னு சொல்லிக் குடுக்கறது?"

முதல்வர் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. "சத்தம் சுத்தலைன்னா என்னம்மா? பிள்ளைங்க சுத்தட்டும்."

சுழல் நாற்காலிகள் உடனே வந்துவிட்டன. எந்த ஆபீஸிலும் நாற்காலிக்கு மட்டும் எதிர்ப்பே கிடையாது.

"மேலருந்து வர்ற சத்தத்துக்கு சார்?"

"சுவர்ப் பக்கமா தலை வெச்சுப் படுத்துப் பாருங்க. உச்சந்தலைக்கு மேல கேக்குதா இல்லையா?"

 கணக்குப்படி அது சரிதான். பாய்களும் வந்தன.

வகுப்பு ஆரம்பமானது. "இடது!" என்றால் பிள்ளைகள் வலப்பக்கம் சுழல வேண்டும். "பின்னால்!" என்றால் முதுகைக் காட்ட வேண்டும். "மேலே!" என்றால் ஓடிப்போய்ப் பாயில் விழ வேண்டும். ஒரு மாணவிக்குத் தலை சுற்றி, ஒழுகும் இடத்தில் இருந்த வாளியை நோக்கி ஓடினாள். வாளிக்கு அப்படியும் ஓர் உபயோகம். சுவருக்கு இந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த எனக்கோ எல்லாச் சத்தமும் துல்லியமாகப் பின்னாலிருந்தே வந்தது. சூழொலியின் முழுப் பயனையும் அடைந்தவன் பள்ளியிலேயே நான் ஒருவன்தான். எனக்கு அதில் துளியும் ஆர்வமில்லை.

மேலதிகாரி வரும் நாள் வந்தது. முதல்வர் முதலில் பார்த்தது வாளியைத்தான்.

"இதை அப்புறப்படுத்துங்க. கூரை ஒழுகுதுன்னு நினைச்சுக்கப் போறாரு."

"ஒழுகுதே சார்," என்றாள் டீச்சர்.

"அதனாலதாம்மா சொல்றேன்!"

மேலதிகாரி வந்தார், பெரிய சுழல் நாற்காலியில் அமர்ந்தார். ஆசிரியர்கள் நாங்கள் சுவரோரம் கைகட்டி நின்றோம். டீச்சர் பொத்தானை அழுத்தினாள். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, போர்வைக்குள் பேசுகிற மாதிரி ஏதோ கேட்டது. முதல்வர் சைகை காட்ட, சாவிக்கொத்து மேலதிகாரியை நாற்காலியோடு பிடித்துச் சுழற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மேலதிகாரி முகம் கறுத்தது.

"நிறுத்துய்யா! என்ன இது? எங்க வீட்டு டிவியே தேவலை போலிருக்கே. மருமகன் வீட்டுல யானை முதுகுக்குப் பின்னால நின்னுது. இங்க என்ன நிக்குது?" என்று பேனாவைத் திறந்தார்.

 பிள்ளைகள் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. முதலில் பின்பக்கத் தகரத்தில் படபடவென்று. பிறகு தலைக்கு மேலே, சோவென்று. மேலதிகாரி அண்ணாந்து பார்த்தார். பேனா அப்படியே நின்றது.

"அடடா! இது... இது மேலருந்து வருதே!"

ஓட்டை வழியாக ஒரு சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது. தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஈரம்கூடத் தெரியுதேய்யா! மருமகன் வீட்டுல இது இல்லையே! ஏம்மா, இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

டீச்சர் முதல்வரைப் பார்த்தாள். முதல்வர் உத்தரத்தைப் பார்த்தார். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"மேல இருக்கறதுலருந்துதான் சார்," என்றாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

சான்று கிடைத்தது. டீச்சர் நிரந்தரமானாள். அடுத்த வாரமே, ஆச்சரியம், கட்டடப் பிரிவிலிருந்து கொத்தனார் ஏணியோடு வந்து நின்றார். எங்கள் பழைய மனுக்களில் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டதாம். சாவிக்கொத்து வாசலிலேயே மறித்தார். "அது ஓட்டை இல்லப்பா, கருவி. கை வெச்சே, அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினதா ஆயிடும்!" கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு போனார். எல்லா இசைப்பள்ளிகளிலும் எங்கள் மாதிரிப்படியே அறை அமைக்க உத்தரவு போனது. நல்ல கூரை இருந்த பள்ளிகளில் துளை போட ஆள் அனுப்பினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்தில் சேதி வந்தது, மேலதிகாரி மறுபடி வருகிறார், கூடவே மருமகப்பிள்ளையும். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. கருவி வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டால் போச்சு, வகுப்பே போச்சு.

"யார் கூரை மேல ஏறறது?" என்றார் முதல்வர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குத்தான் சார் நல்ல காது," என்றாள் டீச்சர். காதுக்கும் ஏணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் கையில் பூவாளியைக் கொடுத்துவிட்டார்கள். சாவிக்கொத்து அந்தப் பழைய வாளி நிறையத் தண்ணீரோடு என் பின்னால் ஏறினார். தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது.

போனில் டீச்சரின் குரல் கிசுகிசுத்தது. "சார், மெதுவா ஊத்துங்க... இப்ப இடது பக்கமா நடங்க... அப்படியே பின்னால போங்க... அங்கேயே நில்லுங்க."

நான் நடந்தேன், ஊற்றினேன். கீழே ஒரு பிள்ளை எல்லாவற்றையும் மறந்து கத்தியது போனில் கேட்டது. "டீச்சர்! மழை நம்ம தலைக்கு மேல நடந்து போகுது!"

யாரும் நாற்காலியில் சுற்றவில்லை. யாரும் பாயில் விழவில்லை. எங்கள் பள்ளியில் சூழொலி முதன்முதலாகப் பாடமானது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளங்கால் வெந்துகொண்டிருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் முழங்கை வாளியில் இடித்துவிட்டேன். அது தகரத்தின் மேல் கடகடவென்று உருண்டு அந்தக் கோடியில் போய் விழுந்தது.

 கீழே ஒரே கைதட்டல்.

"இடி!" என்றார் மேலதிகாரி. "எங்க வீட்டுல இந்த அளவுக்குத் தெளிவா இல்ல மாமா," என்றார் மருமகப்பிள்ளை.

வரும் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இடியும் சேர்ந்திருக்கிறது. எனக்கு "மேலொலி விரிவுரையாளர்" என்று பதவி உயர்வு. வாளியைத் தள்ளிவிடுவது என் பொறுப்பு. கூரையை அடைத்துத் தரச் சொல்லும் மனுவை இந்த வருஷம் நாங்கள் போடவில்லை. அந்த ஓட்டை தூசி படிந்து அடைத்துக்கொள்ளாமல் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று வேறொரு மனு போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.