கடலய்யாவின் மிதக்கும் கல்

காலை ஏழு மணிக்கே மண்டபத்து வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. மூட்டுவலி, முடி உதிர்வு, பேசாத மருமகள், படிக்காத பிள்ளை என்று ஆளுக்கொரு குறை. அத்தனைக்கும் மருந்து ஒன்றே: கடலய்யாவின் மிதக்கும் கல். ஆழ்கடலில் ஏழு நாள் மூச்சடக்கி எடுத்து வந்தாராம். ஏழு நாள் மூச்சடக்கினவருக்கு நாலு படி ஏறினால் ஏன் இரைக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்திக் குறைவு.

வரிசையின் நடுவில் மூடிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடற்கரையில் ஒதுங்கும் பாட்டில் மூடிகளைப் பொறுக்கி, கழுவி, உருக்கி, மணியும் கம்மலும் கிண்ணமும் செய்து விற்பவள். நீலமும் வெள்ளையும் அலையலையாகக் கலந்த அவள் மணிகளுக்கு நல்ல கிராக்கி. ஆறு மாதமாக ஒரு மனிதர் வந்து அதை மட்டும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார். கலையை மதிக்கத் தெரிந்தவர் என்று இவளும் பூரித்துப்போனாள். போன வாரம் அக்கா கழுத்தில் கடலய்யாவின் கல் என்று அதே மணி தொங்குவதைப் பார்த்ததும் பூரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

அக்காவுக்கு வலிப்பு நோய். ஒருவேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது. கடலய்யாவோ, மாத்திரையைத் தொட்டால் கல் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார். அக்கா எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டாள். நேற்று அடுப்படியில் இழுத்துக்கொண்டு விழுந்து நெற்றியில் நாலு தையல். அடுப்பு அணைந்திருந்ததால் தப்பினாள். அதுவும் கல்லின் மகிமைதான் என்று அவள் சொன்னபோது மூடிக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது.

“அது நான் செஞ்ச மணிக்கா.”

“போடி, பொறாமை புடிச்சவளே. உன்னோடது பிளாஸ்டிக்கு. இது கல்லு. கல்லு எங்கயாவது தண்ணியில மிதக்குமா? இது மிதக்குதே.”

“மிதக்குதுன்னா அது கல்லே இல்லக்கா.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கு முன்வரிசையில் இடம்பிடித்து, கட்டுப்போட்ட நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள்.

வரிசை மண்டபத்துக்குள் நகர்ந்தது. மேடையில் பெரிய கண்ணாடித் தொட்டி. பக்கத்தில் மைக் பிடித்து நின்றவர், கலையை மதித்த அதே மனிதர். கடலய்யா ஒரு கூழாங்கல்லைப் போட்டார், முங்கியது. தம் கல்லைப் போட்டார், மிதந்தது. கூட்டம் மெய்சிலிர்த்தது.

மூடிக்காரிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பொறுக்கி வந்ததை எல்லாம் தொட்டித் தண்ணீரில் கொட்டுவதுதான் பட்டறையில் அவளுடைய முதல் வேலை. பாட்டில் துண்டு முங்கும், மூடி மிதக்கும். மிதப்பதைத்தான் உருக்குவாள். தினமும் தூக்கக் கலக்கத்தில் அவள் செய்கிற வேலைக்கு இங்கே ஊரே புல்லரித்துக் கிடக்கிறது.

விறுவிறுவென்று மேடையேறினாள். தண்ணீர் பாட்டில் வைத்திருப்பவர்கள் மூடியைக் கழற்றித் தொட்டியில் போடுங்கள் என்றாள். போட்டால் புண்ணியம் என்று நினைத்தார்களோ என்னவோ, முப்பது நாற்பது பேர் முண்டியடித்துப் போட்டார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லா மூடியும் மிதந்தது.

கடலய்யா அசரவில்லை. “என் கல்லோட சக்தி தண்ணியில இறங்கிடுச்சு. அதான் மூடியும் மிதக்குது.”

பாதிக் கூட்டம் தலையாட்டியது. தலை இருப்பதே அதற்குத்தானே.

“சரிங்கய்யா,” என்றாள் மூடிக்காரி. “அப்போ அடியில கிடக்கிற கூழாங்கல்லு ஏன் இன்னும் மேல வரல?”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கூழாங்கல் கிடந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் மிதந்த கல்லை எடுத்துத் துடைத்து, மணி கோக்கும் தன் ஊசியை மேடைக் குத்துவிளக்கில் பழுக்கக் காய்ச்சி அதில் குத்தினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பிளாஸ்டிக் கருகும் வாடையை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கடலய்யா பின்வாசல் பக்கம் நழுவினார். அங்கே மூட்டுவலிக்காரர்கள் நாலு பேர் ஊன்றுகோலோடு காத்திருந்தார்கள்.

அக்கா கழுத்துக் கயிற்றை அறுத்தெறிந்தாள். அவமானத்தில் முகம் சுருங்கிப்போயிருந்தது. மருந்துக்கடை திறந்திருக்குமா என்று மட்டும் கேட்டாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள்.

வாசலில் கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் வழிமறித்தார். “அம்மா, இது போலின்னு தெரிஞ்சுபோச்சு. அசல் கல்லு எங்க கிடைக்கும்?”

மூடிக்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கடல்ல மிதக்கிற குப்பைய நான் பொறுக்கிடுவேன் சார். உங்க தலைக்குள்ள மிதக்கிறத நீங்கதான் பொறுக்கணும்.”