‘நாட் ஃபார் சேல்’ பாவா

வியாபாரிகளில் விற்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். விற்காத வியாபாரியைப் பார்த்ததுண்டா? "விற்கத்தான் வாங்குகிறேன்" என்று வீட்டாரிடம் சத்தியம் செய்து வாங்கி, வாங்கியதைத் துடைத்து, நாலு பக்கமும் படம் பிடித்து, ஊர் உலகத்துக்கெல்லாம் சேதி அனுப்பி, அதை நம்பி வந்த ஆளை உட்கார வைத்து, சாயா கொடுத்து, பொருளைத் தொடவிடாமல் காட்டி, சாயங்கால பஸ்ஸில் வெறுங்கையோடு ஏற்றி அனுப்பிவிட்டு, "இன்னைக்கு வியாபாரம் கொஞ்சம் மந்தம்" என்று பெருமூச்சு விடுகிற இனம் அது. சில ஊர்களில் இந்த இனம் பழைய நாணயத்தோடு திரியும். சில ஊர்களில் கைக்கடிகாரத்தோடு. பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் அது பாவா என்ற பெயரில், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உலவுகிறது.

கையுறை எதற்கு என்று கேட்கிறீர்களா? பொறுங்கள்.

வீடியோ கேம் விளையாடும் பெட்டியை நீங்கள் கடையில் பார்த்திருப்பீர்கள். பாவா அதைச் சீந்தமாட்டார். அது ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. கேம் கடைக்கு வருவதற்கு முன்னால், அதை உருவாக்குகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்கென்று பெட்டிக் கம்பெனிக்காரர்கள் தனியாக ஒரு பெட்டி செய்து கொடுப்பார்கள். கடைப் பெட்டியைவிட இரண்டு மடங்கு பெரிது, நாலு மடங்கு அவலட்சணம், பின்பக்கமெல்லாம் என்னென்னவோ ஓட்டைகள். டெவ் கிட் என்று பெயர். வேலை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் விற்கக் கூடாது. அதனால் அடியில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும்: ‘நாட் ஃபார் சேல்.’ விற்பனைக்கல்ல என்று எழுதியிருப்பதால்தான் உலகமெங்கும் அதை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

கோயமுத்தூரில் மூடிப்போன ஏதோ ஒரு கேம் கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமான்கள் லாரியில் ஏறி, பழசை எடைக்கு எடுக்கும் குப்பண்ணனின் ஆக்ரிக்கடைக்கு வந்தபோது, உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் அப்படி ஒன்று கிடந்தது. குப்பண்ணன் அதை இரும்புக் கணக்கில் தராசில் வைத்தார். பாவா அதைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு அதற்குத் துணையாக உடைந்த ரிமோட்டுகள், பெயர் தெரியாத பலகைகள், எதில் செருகுவது என்று எவருக்கும் தெரியாத வயர்கள் என்று முப்பது உருப்படிகள் சேர்ந்தன. எல்லாமே அபூர்வம்; கைரேகை படக் கூடாதென்று கையுறை போட்டுத்தான் தொடுவார். வீட்டில் ஏசி போட்ட ஒரே அறை அவற்றுக்குப் போனது. ஏசி இல்லாத அறையில் பாவாவும் மனைவி கௌலத்தும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பாலக்காட்டுச் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இந்த இனத்துக்கென்று சில வேதவாக்குகள் உண்டு. "சீரியஸ் பையர் மட்டும் கூப்பிடுங்க" என்பது ஒன்று. விலை கேட்டால், "நீங்க சொல்லுங்க, பாப்போம்." சொன்னால், "அந்த விலைக்கு நானே வாங்கிக்குவனுங்க." ஓடுமா என்று கேட்டுவிட்டாலோ, பாவா கண்ணை மூடிக்கொள்வார்.

"சுவிட்ச் போட்டதில்லீங்க."

"ஏன்?"

"போட்டு ஓடலைன்னா அது ஓடாத பொட்டி. போடாத வரைக்கும் ஓடுனாலும் ஓடும்ங்கற பொட்டி. எதுக்கு விலை அதிகம்? நீங்களே சொல்லுங்க. அட, யானை செத்தாலும் ஆயிரம் பொன்னு."

ஏலப்பாறையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். கொச்சியிலிருந்து இருவர் காரில் வந்தார்கள். எல்லாரும் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். யார் கேட்ட விலையும் குறைவு. ஒருத்தர் மட்டும் பாவா மனதில் நினைத்த விலையையே சொல்லிவிட்டார். பாவா அவசரமாகப் பெட்டியைத் துண்டால் மூடினார். சமாளித்துக்கொண்டு, "இவ்வளவு குடுக்கறீங்கன்னா இதோட உண்மையான விலை இன்னும் மேலேதான் இருக்கணும்" என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. அப்புறம் மகள் நஸ்ரின் பிரசவத்துக்கு வருகிறாள் என்று பொள்ளாச்சியிலிருந்து சேதி வந்தது. தலைப்பிரசவம். ஒன்பதாம் மாசம்.

கௌலத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. வீட்டு முன்கட்டில் மளிகைக் கடை நடத்துவது அவர்தான். பக்கத்து ஃபேக்டரிகளில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களிடம் அவர்கள் பாஷையிலேயே கோதுமை மாவு விற்கிற கெட்டிக்காரி. வந்தவர் எவரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரே வீட்டில் இரண்டு வியாபாரிகள். எப்படித்தான் சோறு வெந்ததோ என்று கேட்காதீர்கள். கௌலத்தால் வெந்தது.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை நஸ்ரின் வர்றா. இந்தப் புழுக்கத்துல நெற மாசத்துக்காரிய எங்க படுக்க வெக்கறது?"

"அந்தப் பெரிய பொட்டி மட்டும் போயிருச்சுன்னா மத்ததெல்லாம் பரண் மேல ஏத்திருவேன் கௌலத்து. வியாழக்கிழமை ஒரு பார்ட்டி வருது. வண்டிப்பெரியார்ப் பையன். உறுதியா முடிச்சிருவேன்."

"முடிக்கலீன்னா?"

"நஸ்ரின் மேல சத்தியம்."

சத்தியம் செய்யும்போது அவர் மனதார நினைத்துத்தான் செய்தார். மகள் மேல் உயிர். அதில் சந்தேகமே இல்லை. சத்தியம் செய்கிற நேரத்தில் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாருமே உத்தமர்கள்தான்.

வியாழக்கிழமை காலையில் அருண்பாண்டி வந்தான். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் குடும்பத்துப் பிள்ளை, கொச்சியில் ஒரு கேம் கம்பெனியில் உத்தியோகம், லீவுக்கு ஊருக்குப் போன இடத்திலிருந்து கூட்டாளியின் ஜீப்பில் பொள்ளாச்சி வழியாக வந்திருந்தான். பையிலிருந்து அவனும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினான். இவனும் நம் இனம்தான் என்று பாவா அந்தக் கணமே புரிந்துகொண்டார். ஒரு வீட்டில் இரண்டு மாமியார் உட்கார்ந்த மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இக்கா, அடியில கொஞ்சம் பாக்கணுமே."

"பாருங்க தம்பி. தாராளமா பாருங்க. கீறல் கூட இல்லை."

அருண்பாண்டி பெட்டியை மெல்லச் சாய்த்து, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

"என்ன இக்கா, தேங்காயெண்ணெ வாசம் அடிக்கி? லேபிள எங்க காணோம்?"

பாவா குனிந்தார். லேபிள் இருந்த இடம் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று மின்னியது.

"கௌலத்து!"

கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் கௌலத். முகத்தில் நல்ல காரியம் செய்த களை.

"நாந்தான் எடுத்தேன். ‘நாட் ஃபார் சேல்’னு எழுதி வெச்சிருந்தா எவன் வாங்குவான்? மூணு வருசமா வந்தவனெல்லாம் திரும்பிப் போறான்னா அதனாலதான். டீத்தூள் பாக்கெட்டோட வர்ற டம்ளர்ல ‘இலவசம், விற்பனைக்கல்ல’ன்னு ஒட்டியிருக்குமே, அதை எண்ணெய தடவி, பத்து நிமிசம் ஊறவெச்சு, பிளேடுல ஓரத்தத் தூக்குனா தோசையாட்டம் முழுசா வரும். முப்பது வருசமா கடை நடத்தறேன், இது தெரியாதா?"

"அடியே, அந்த லேபிளுக்குத்தானடி விலையே!"

"பொட்டிக்கு விலை இல்லாம ஸ்டிக்கருக்கா விலை? வெளிய சொல்லீராதீங்க, சிரிப்பாங்க."

"எங்க அது?"

"பிளாஸ்டிக்கு எடுக்கற பஞ்சாயத்துக்காரங்க இப்பத்தானே வந்துட்டுப் போனாங்க. அந்தச் சாக்குல போட்டுட்டேன்."

பாவா கையுறையைக் கூடக் கழற்றவில்லை. ஸ்கூட்டரில் பறந்தார். வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் சந்தனமேரியை இரண்டு தெரு தள்ளி மறித்து, மூட்டையை நடுரோட்டில் கவிழ்க்க வைத்தார். ஊர் முழுக்கச் சுருட்டி எறிந்த பால் கவர்களுக்கும் மிக்சர் பாக்கெட்டுகளுக்கும் நடுவில், அம்பத்தாறு வயது மனிதர் மண்டியிட்டு, வெள்ளைக் கையுறையோடு துழாவுகிறார். வேடிக்கை பார்க்க ஆள் கூடாமல் இருக்குமா?

"என்ன பாய், மோதிரமா?"

"அதுக்கும் மேல."

"கழுவிக் குடுக்கச் சொல்லி எத்தனை வாட்டி சொல்லியாச்சு. உங்க ஊட்டுல எண்ணெயோட குடுத்திருக்காங்க பாருங்க" என்று சந்தனமேரியே கடைசியில் அதைக் கண்டெடுத்து நீட்டினார். கிழியவில்லை. மடங்கவில்லை. பாவாவுக்குக் கண் கலங்கியது.

அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வீட்டில் என்ன நடந்தது? வியாபாரம் நடந்தது. கௌலத் இரண்டே கேள்வி கேட்டார்: "வேணுமா, வேண்டாமா? கையில எவ்வளவு வெச்சிருக்கீங்க?" அருண்பாண்டி திணறிப்போய் உண்மையைச் சொன்னான். கௌலத் பெட்டியை அரிசிச் சாக்கில் கட்டி, மேலே இரண்டு டம்ளர் இலவசமாக வைத்து ஜீப்பில் ஏற்றிவிட்டார். கடைக்கு வந்திருந்த நாலு பையன்களைக் கூப்பிட்டு மிச்சம் முப்பதையும் பரணில் ஏற்றினார். ஒரு நாள் முன்னதாகவே வந்து வாசலில் இறங்கிய நஸ்ரின், ஏசியைப் போட்டு, காலை நீட்டிப் படுத்தாள்.

பாவா கதவைத் திறந்தபோது மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீங்கியிருந்த கால்களுக்கு அடியில் ஒரு தலையணை. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அதைப் பார்த்ததும் அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் இதைச் செய்யாமல் போனோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. நிறைந்த மனத்தோடு மெல்லக் கதவைச் சாத்தி, கௌலத்திடம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"லேபிள் இல்லாமலா எடுத்துட்டுப் போனான்?"

கௌலத் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அடுத்த அரை மணி நேரத்தில் பாவா லேபிளை வெயிலில் காய வைத்து, கண்ணாடிக் கவரில் போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் பிடித்து, தன் இனத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார்: ‘அசல் லேபிள். மிக மிக அபூர்வம். சீரியஸ் பையர் மட்டும்.’ ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. அருண்பாண்டி. ஜீப் பொள்ளாச்சியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

"இக்கா, பொட்டி எங்கிட்ட இருக்கு. லேபிளு உங்ககிட்ட இருக்கு. ரெண்டும் சேந்தாத்தான இக்கா முழுசு? விலையச் சொல்லுங்க, வண்டியத் திருப்புதேன்."

பாவா கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, வளைக்காமல் நேராகச் சொன்னார்:

"அது விக்கறதுக்கு இல்லீங்க தம்பி."

நஸ்ரினுக்குப் பெண் குழந்தை பிறந்து இப்போது ஆறு மாசம். அருண்பாண்டி வாரம் ஒருமுறை கூப்பிடுகிறான். கவர் பாவாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகள் இன்னும் பெட்டி பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில்தானே இருக்கின்றன? போன் வாங்கிய அட்டைப் பெட்டி, மூன்று போனுக்கு முந்தியது, எங்கே? யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறீர்கள், யாரோ கேட்டார்கள், நீங்கள் கொடுக்கவில்லை. எதற்கும் இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டில் யாராவது கையில் தேங்காயெண்ணெயும் பிளேடுமாக உங்கள் பக்கம் வந்தால், ஓடாதீர்கள். உங்கள் நெற்றியிலும் அந்த லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.