குணமானதற்கு ஆட்சேபணை

"குணமாயிட்டானா? யாரு சொன்னது?"

ஆர்டிஸ் போட்ட சத்தத்தில் எல்ம் தெருவில் நான்கு வீட்டுத் திரைச்சீலைகள் விலகின. பிப்ரவரி மாத விஸ்கான்சின் குளிரில் நாங்கள் யாரும் கதவைத் திறக்க மாட்டோம். திரையை விலக்கக் குளிர் ஒரு தடையில்லை.

"கத்தாதீங்க ஆர்டிஸ். மாவட்டம்தான் சொல்லுது," என்றாள் கோனி. "இருபது மார்க்குக்கு மேல வாங்கினாத்தான் இங்க தங்கறதுக்குப் பணம் குடுப்பாங்க. நோய் கடுமையா இருந்தா மார்க் கூடும். லைலுக்குப் பதினாலுதான் வந்திருக்கு."

"பதினாலா! நம்ம லைலுக்கா! ஒழுங்காத் திருத்தினாங்களா?"

கோனி எங்கள் தெருவில் உள்ள விடுதியின் பொறுப்பாளர். கடுமையான மனநோய் உள்ள எட்டுப் பேர் மாவட்டப் பணத்தில் அங்கே வாழ்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் லைல் வந்தபோது, தனக்கு மட்டும் கேட்கும் குரல்களோடு நாள் முழுக்கச் சண்டை போடுவான். மருந்தும், கோனியின் பொறுமையும், காலமும் சேர்ந்து குரல்களை அடக்கிவிட்டன. இப்போது காலையில் பக்கத்து வீட்டு ஆர்டிஸின் வாசலில் பனி வாருகிறான். அவளுடைய கார் ஷெட் மாடிக்குப் போகும் படிகளையும் விடுவதில்லை. அந்த மாடியில் 'வாடகைக்கு' என்ற அட்டையைத் தவிர இரண்டு வருடமாக யாரும் குடியில்லை. மாலை நான்கு மணிக்கு ஆர்டிஸின் சமையலறையில் சீட்டாட்டம். கணவர் போனபின் அவளோடு சீட்டாட இந்தத் தெருவில் வேறு ஆளில்லை. அவள் ஏமாற்றுவதைப் பார்த்தும் பாராததுபோல் இருக்க லைலுக்கு மட்டும்தான் தெரியும்.

"இப்ப எங்க அனுப்பப் போறாங்க அவன?"

"அறுபது மைல் தள்ளி ஒரு அபார்ட்மென்ட். மார்ச் ஒண்ணாம் தேதி போகணும். இந்த ஊர்லயே ஒரு இடம் கேட்டிருந்தோம். பதிலே வரல."

"பதில்கூடப் போடாத அந்தக் கல்நெஞ்சம் யாரு?"

கோனி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குனிந்து ஷூவில் ஒட்டிய பனியைத் தட்டினாள். "அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது ஆர்டிஸ். விதி இருக்கு. லைலும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

மறுநாளே ஆர்டிஸ் மாவட்ட அலுவலகத்தில், மனு வாங்கும் ஷெல்லியின் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள்.

"லைலுக்கு மறுபடி மார்க் போடணும். அவன் தனக்குத்தானே பேசிக்கிறான்."

"நானும்தான் பேசறேன்," என்றாள் ஷெல்லி. "மூணு மணிக்கு மேல இந்த நாற்காலியில உக்காந்து பாருங்க, நீங்களும் பேசுவீங்க."

"இந்தக் குளிர்ல தொப்பி இல்லாமத் திரியறான்!"

"எங்க கமிட்டித் தலைவரும் அப்படித்தான். ஏதாவது இருந்தா எழுத்துல குடுங்கம்மா, ஆதாரத்தோட."

ஆதாரத்துக்கு எங்கே போவது? பரணில் ஒன்று இருந்தது. சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் அந்த விடுதி வரக்கூடாது என்று வீடு வீடாகப் போய் நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கியவள் சாட்சாத் ஆர்டிஸ்தான். "இவர்கள் வந்தால் கூச்சல் இருக்கும், நாய்கள் மிரளும், வீட்டு விலை விழும்" என்று அழகான கையெழுத்தில் எழுதிய மனு. இப்போது எழுத்தை மறைக்கும் வெள்ளை மை வாங்கி வந்து உட்கார்ந்தாள். 'இருக்கும்' என்பதை 'இருக்கிறது' ஆக்கினாள். 'மிரளும்' என்பது 'மிரள்கின்றன' ஆயிற்று. தேதியை மாற்றித் தபாலில் போட்டுவிட்டு, அன்று நான்கு மணி ஆட்டத்தில் இரண்டு தடவை நிம்மதியாக ஏமாற்றினாள்.

பத்து நாளில் மாவட்டத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மாவட்ட முத்திரையோடு எது வந்தாலும் வீட்டு வரிதான் என்று, பிரிக்காமல் ரொட்டி டப்பாவில் திணிப்பது அவள் வழக்கம். வரி கட்டும் காலத்தில் மகன் வந்து பிரிப்பான். இதுவும் டப்பாவுக்குள் போயிற்று. விஷயத்தைச் சொல்லக் கோனிதான் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"என்ன காரியம் பண்ணினீங்க ஆர்டிஸ்! தெருவே புகார் குடுத்திருக்குன்னு விசாரணை வச்சிருக்காங்க. விடுதிக்குக் குடுக்கற பணத்தையே மொத்தமா நிறுத்தப் போறாங்களாம்!"

"நான் லைல மட்டும்தான..."

"ஒருத்தர நிறுத்தி வைக்கப் போய் எட்டுப் பேரையும் கிளப்பிட்டீங்களே!"

ஆர்டிஸ் மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினாள், இந்த முறை கூச்சலே இல்லை என்று கையெழுத்து வாங்க. நாங்கள் எல்லோரும் போட்டோம். போடாவிட்டால் அவள் வாசலைவிட்டு நகர மாட்டாள். கதவு திறந்திருந்தால் வீடு ஐஸ் பெட்டியாகிவிடும்.

விசாரணை அன்று எல்ம் தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. வேறு பொழுதுபோக்கு ஏது? கமிட்டித் தலைவர் புகார் மனுவை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தார்.

"இதுல ஹெர்மன் பூல்கே கையெழுத்து இருக்கே. அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு. பெட்டியத் தூக்கினதுல நானும் ஒருத்தன்."

"உயிரோட இருந்தப்பவே அவருக்குக் கூச்சல் ஆகாது," என்றாள் ஆர்டிஸ்.

"கூச்சல் இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"நாய்ங்க மிரளுதா?"

"லைலக் கண்டா வாலாட்டுதுங்க. எங்கிட்டதான் குரைக்குதுங்க."

"அந்த லைலப் பத்தித்தான் தனியாவும் வந்து புகார் சொன்னீங்களாமே?"

"அவன மாதிரி ஒழுங்கான ஆள் இந்த ஊர்லயே கிடையாதுங்க!" ஆர்டிஸுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "மாத்திரைய நேரத்துக்குத் தானே போட்டுக்கறான். எட்டுப் பேருக்கும் சமைக்கறான். பிளம்பர் கைவிட்ட என் பாய்லரையே சரி பண்ணினான்! அவனுக்குப் போய் ஒரு குறை..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஷெல்லி மட்டும் நிறுத்தாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் இரண்டு பக்கமும் குனிந்து குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தார். "விடுதிக்குப் பணம் தொடரும். லைல் விஷயத்துல, நீங்க சொல்றதக் கேட்டா, பதினாலே அதிகம்னு தோணுது."

கூட்டம் கலைந்தது. ஆர்டிஸ் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லைல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன்ன இங்கயே வச்சுக்கத்தான்ப்பா இவ்வளவும் பண்ணினேன்."

"தெரியும். பரவால்ல ஆர்டிஸ். உங்களுக்கு இஷ்டமில்லன்னா நான் எப்படி வற்புறுத்தறது?"

"எனக்கா? எதுல இஷ்டமில்ல?"

லைல் தன் தொப்பியைத் தேடினான். தொப்பி எங்கே இருந்தது, தேடுவதற்கு? ஷெல்லிதான் கோப்புகளை அடுக்கியபடி கேட்டாள்:

"மார்க் போடுங்க, நான் தனியா இருக்கத் தயார்னு நாலு தடவ எழுதிக் கேட்டதே அவருதான், ஆர்டிஸ். பாதி வாடகைய மாவட்டம் குடுக்கும்னு உங்க கார் ஷெட் மாடியக் கேட்டு நாங்க மூணு கடிதம் போட்டோமே, ஒண்ணையாவது பிரிச்சீங்களா?"

ஆர்டிஸின் வாயை மூட இந்த ஊரில் யாராலும் முடிந்ததில்லை. அன்று ஒரு ரொட்டி டப்பா மூடியது.

கடைசியில் குரல் வந்தபோது அது லைலின் மேல்தான் பாய்ந்தது. "தினம் நாலு மணிக்கு எதிர்லதான உக்காந்திருக்க! வாயத் திறந்து கேட்டா என்ன?"

"உங்ககிட்டச் சொன்னா நாலரைக்குத் தெரு பூரா தெரிஞ்சிருமே," என்றான் லைல்.

தெரு பூராவும் அப்போது வாசற்கதவருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரும் மறுக்கவில்லை.

அந்தக் கோடையில் ஷெல்லி, லைலுக்குப் பதினாலு மார்க் போட்ட மாவட்ட அதிகாரி டைலரைக் கல்யாணம் செய்துகொண்டாள். லைல் மார்ச் ஒன்றாம் தேதி இரண்டு பெட்டிகளோடு குடிபெயர்ந்தான். இடம் மாறிய தூரத்தை மைல் கணக்கில் எழுத மாவட்டப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம். கோனி அதில் பூஜ்யம் போட்டு அனுப்பினாள்.